வீட்டில் மெதுவாகப் போகிறவருக்கு ஏற்ற சாலை: ராமநாதபுரம் கரையோரத்தில் குடும்பத்தோடு நடையும் சைக்கிளும்

"தினமும் நடங்க, முடிஞ்சா சைக்கிள் ஓட்டுங்க" என்று சொல்லாத நாள் எங்கள் இயன்முறை சிகிச்சை அறையில் கிடையாது. அதற்கு வரும் பதிலும் பெரும்பாலும் ஒன்றேதான்: "வண்டி போற போக்குல ரோட்டுல எங்கன நடக்க, டாக்டரம்மா?" இதைச் சாக்குப்போக்கு என்று நான் தள்ளிவிடுவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியும் முன்பே மீன் வண்டிகள் பறக்கின்றன. மண்டபம் போகும் நெடுஞ்சாலையில் ராமேசுவரம் வேன்களுக்கு ஓய்வே இல்லை. இந்த இரண்டிலும் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிவிட நானும் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தச் சாலைகளிலிருந்து கடலைப் பார்த்துப் பிரிகிற கிளைச்சாலைகள் நம் மாவட்டம் நெடுக இருக்கின்றன. ஏற்ற இறக்கமே இல்லாத சமதரை. மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கும் இப்போதுதான் பேலன்ஸ் பழகிய பிள்ளைக்கும் இதைவிடத் தோதான தரை கிடைக்காது. சாலையைத் தேர்ந்தெடுக்குமுன் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: வீட்டில் மெதுவாகப் போகிறவர் யார்? அவர் போய்த் திரும்பக்கூடிய தூரம்தான் மொத்தக் குடும்பத்துக்கும் தூரம். அப்பா 20 கிலோமீட்டர் மிதிப்பார் என்பது கணக்கில் வராது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி, 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம், மிதமான வேகத்தில். மிதமா என்று தெரிந்துகொள்ள மெஷின் தேவையில்லை. போகும்போது பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதக்கூடாது.

நான் முதலில் கைகாட்டுவது திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை போகும் சாலை. சுமார் 4 கிலோமீட்டர், கடைசியில் கடல். பாட்டி பஸ்ஸில் வந்து கரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் சைக்கிளில் வந்து சேரலாம். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் போக வேண்டாம். தர்ப்பணக் கூட்டத்தில் சாலை நிரம்பிவிடும். உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரைக்குச் சவுக்கு நிழல் உண்டு. அது பாக் நீரிணைப் பக்கம் என்பதால் அலையும் குறைவு. அதற்காகப் பிள்ளைகளைத் தண்ணீரில் தனியே விட்டுவிடக் கூடாது. நடக்க மட்டும் என்றால் கண்மாய்க் கரைதான் என் விருப்பம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2025 பிப்ரவரியில் சேர்ந்த சக்கரக்கோட்டைக் கண்மாய் ராமநாதபுரம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறிய பிறகு பறவைகள் வந்து இறங்கும். வனத்துறை விடும் இடம்வரை, சத்தமில்லாமல் நடங்கள்.

சைக்கிள் என்றதும் பலரும் கேட்பது தனுஷ்கோடியை. 2017இல் அரிச்சல்முனைவரை சாலை திறந்தபின் அந்த ஆசை இன்னும் கூடிவிட்டது. பெரியவர்கள் விடியற்காலையில் போகட்டும். ஒதுங்க நிழலில்லாத, பக்கக் காற்று சின்னச் சைக்கிளைத் தள்ளுகிற, மணல் ஏறிய இடத்தில் சக்கரம் சறுக்குகிற, சுற்றுலா வேன்கள் வரிசை கட்டுகிற அந்தச் சாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் பல வீடுகளில் திண்ணையோரம் சும்மா நிற்கிறது. பெரியவர்களுக்கு அதுவே போதும். ஆனால் சீட்டைப் பாருங்கள். இரண்டு காலும் தரையில் பதியும்படி சீட்டை இறக்கி வைப்பது நம் பழக்கம். அப்படி ஓட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். கொஞ்ச நேரத்தில் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். "சைக்கிள் எனக்கு ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுவார்கள். சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலை அடியில் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். பழகுகிற பிள்ளைக்குப் பாதம் தரையில் ஊன்றட்டும், பேலன்ஸ் வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தொல்லை, சீமைக்கருவேல முள். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் கிளை ஏற்றிப்போன வண்டிக்குப் பின்னால் சாலையோரம் முள் சிதறிக் கிடக்கும். டியூப்பில் ஏறினால் பஞ்சர் ஒட்டிக்கொள்ளலாம். ரப்பர் செருப்பைத் துளைத்து, சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதத்தில் ஏறினால் ஏறியதே தெரியாது. சீழ் கட்டி, செருப்பு ஈரமான பிறகு பார்த்துவிட்டு ஓடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள் தடித்த அடியுள்ள ஷூ போடுங்கள். போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். வீடு திரும்பியதும் உள்ளங்காலை வெளிச்சத்தில் வேறொருவர் பார்க்கட்டும். பேரப்பிள்ளைகள் இதை நன்றாகவே செய்வார்கள். வெயில் ஏறிய மணலில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. பனங்காட்டுப் பக்கம் பதநீர் கிடைத்தால் பிள்ளைகள் குடிக்கட்டும், சர்க்கரை உள்ளவர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கச்சான் காற்றோ வாடைக் காற்றோ, கிளம்பும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே முதுகைத் தள்ளும். நடப்பவர்கள் எதிர்வண்டி கண்ணில் படும்படி வலப்பக்கம் நடக்க வேண்டும். சைக்கிள் இடப்பக்கம், பிள்ளை முன்னால், பெரியவர் பின்னால். காலை 8 மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

கிளைச்சாலைகளில் நான் மிகவும் பயப்படுவது வளைவுகளுக்குத்தான். கருவேலம் சாலைக்குள் சாய்ந்து, எதிரே வரும் மினி லாரியைக் கடைசி நொடிவரை மறைத்துவிடுகிறது. இதை வெட்டச் சொல்ல ஆண்டுக்கு 6 கிராம சபைகள் இருக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 'சாலையைச் சரிசெய்யவும்' என்று பொதுப்படையாக எழுதினால் மனு கட்டோடு கட்டாகப் போய்விடும். எந்த ஊர் வளைவு, எந்தப் பக்கம், எத்தனை மீட்டருக்குப் புதர் மறைக்கிறது என்று போட்டோவோடு எழுதிக் கொடுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.