அடல்ட் நாவல்: ‘வளர்ந்தோர் புனைவு’ என்று சொல்லிப் பழகுவோம்

பினாங்கு சௌராஸ்தா சந்தையில் கீழே ஜாதிக்காயையும் மாங்காயையும் ஊறப்போட்டு விற்கிற கடைகள். மாடியில் பழைய புத்தகக் கடைகள். இடுப்பு உயரத்துக்கு அடுக்கிய புத்தகங்களுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை போல வழி விட்டிருப்பார்கள். அங்கேதான் போன பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தியை அவள் அம்மாவோடு பார்த்தேன். இப்போது படிவம் நான்கு. பதினாறு வயது.

“டீச்சர், ஒய்ஏ எல்லாம் படிச்சு முடிச்சாச்சு. அடல்ட் ஃபேண்டசி ஏதாச்சும் சொல்லுங்களேன்” என்றாள். ஒய்ஏ என்றால் ‘யங் அடல்ட்’, பதின்ம வயதினருக்கான நாவல்கள்.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. “என்ன பேச்சுடி இது, டீச்சர்கிட்ட போய்?”

அந்தப் பெண் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அம்மா பதறியதிலும் இல்லை. இருவரும் ஒரே சொல்லை வேறு வேறு இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மகளுக்கு அது நூலக அலமாரியில் ஒட்டியிருக்கும் பெயர். அம்மாவுக்கு அது சினிமா சுவரொட்டியில் வட்டத்துக்குள் இருந்த ‘ஏ’. அன்று கடையில் நின்றபடி பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

‘அடல்ட்’ லத்தீனிலிருந்து வந்த சொல். அதன் வினை ‘அடொலஸ்கெரே’, வளர்தல். அந்த வினையின் அடியில் இன்னொரு வினை இருக்கிறது: ‘அலெரே’, ஊட்டி வளர்த்தல். ‘அடொலஸ்கெரே’ என்ற ஒரே வினையிலிருந்து ஆங்கிலத்துக்கு இரண்டு சொற்கள் போயிருக்கின்றன. வளர்ந்துகொண்டிருப்பவர் ‘அடலசென்ட்’. வளர்ந்து முடித்தவர் ‘அடல்ட்’. நிகழ்கால எச்சமும் இறந்தகால எச்சமும் போலத்தான். வளர்கிற, வளர்ந்த. இவ்வளவுதான் வேறுபாடு. பள்ளிகளின் பழைய மாணவர் சங்கப் பெயரில் வரும் ‘அலும்னை’யும் இதே குடும்பம், அந்தப் பள்ளி ஊட்டி வளர்த்த பிள்ளைகள் என்று பொருள்.

ஆக, பிறப்பில் இந்தச் சொல்லுக்குச் சோறும் பாலும்தான் உறவு. கூச்சப்படவேண்டிய எதுவும் அதில் கிடையாது.

பலர் மனத்தில் இருக்கும் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். பிறன்மனை நாடுதலைக் குறிக்கும் ‘அடல்ட்ரி’ என்ற சொல் ‘அடல்ட்’டிலிருந்து வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ஒலி அப்படி. ஆனால் அது வேறு வேர். ‘அடுல்தெராரே’ என்றால் கெடுத்தல், தூய்மையற்றதாக்குதல். உணவில் கலப்படம் செய்வதற்கான ஆங்கிலச் சொல்லும் அதிலிருந்துதான் வருகிறது. பாலில் தண்ணீர் கலப்பதற்கும் அடல்ட்ரிக்கும் உறவு உண்டு. வளர்ந்த மனிதருக்கும் அடல்ட்ரிக்கும் இல்லை.

நம் பக்கத்திலும் ஒரு ஒலி ஒற்றுமை இருக்கிறது. தமிழில் ‘அடல்’ என்றால் வலிமை, போர், வெற்றி. ‘அடலேறு’ என்று வீரனைச் சொல்வோம். அதை வைத்து ‘அடல்ட்’ தமிழிலிருந்து போன சொல் என்று யாராவது சொன்னால் ஏற்கவேண்டாம். நம் ‘அடல்’ ‘அடு’ என்ற வினையில் பிறந்தது. அதற்குக் கொல்லுதல் என்றும் வெல்லுதல் என்றும் பொருள். இரண்டு சொற்களும் தற்செயலாக ஒரே ஒலியில் நிற்கின்றன, அவ்வளவே. தமிழுக்குப் பெருமை சேர்க்க இப்படிப்பட்ட உறவுகளைக் கற்பிக்கத் தேவையில்லை.

இனித் தமிழில் எப்படிச் சொல்வது? இங்கேதான் நாம் வழி தவறிப் போயிருக்கிறோம்.

அதிகம் புழங்குவது ‘வயது வந்தோர்’. சட்டத்துக்கு நல்ல சொல். ‘வயது வந்தோர் வாக்குரிமை’ என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். மலேசியாவில் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த திருத்தம் 2019இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2021 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. இங்கே யார் வயது வந்தவர் என்பதற்கு ஒரு நாள், ஒரு எண், ஒரு கோடு உண்டு. ஆனால் வீட்டில் ‘வயசுக்கு வந்துட்டா’ என்றால் பொருள் வேறு. திரையரங்கில் ‘வயது வந்தோர்க்கு மட்டும்’ என்றால் இன்னும் வேறு. இந்த மூன்று நிழலும் விழுந்த சொல்லை நாவலின் மேல் ஒட்டினால் எந்த அம்மாவுக்கும் திக்கென்றுதான் இருக்கும்.

இன்னொன்று ‘முதியோர்’. பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கும் திட்டத்துக்கு ‘முதியோர் கல்வி’ என்று பெயர் வைத்தார்கள். இருபது வயதுத் தொழிலாளியும் அந்த வகுப்பில் முதியவராகிவிட்டார். ‘முதியோர் நாவல்’ என்றால் கேட்பவர் தாத்தா பாட்டி கதை என்று நினைப்பார்.

‘பெரியோர்’ நல்ல சொல்தான். பேச்சில் ‘பெரியவங்க’ என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனால் எழுத்தில் அதற்கு வேறு எடை ஏறிவிடுகிறது. ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்று கணியன் பூங்குன்றனார் பாடியபோது அவர் வயதைக் கணக்குப் பார்க்கவில்லை. பெரியோர் என்றால் மாண்புடையோர். ‘பெரியோர் புனைவு’ என்று எழுதினால் சான்றோர் வரலாறு போல ஒலிக்கும்.

எனக்குச் சரியாகப் படுவது ‘வளர்ந்தோர்’. லத்தீன் வினை சொல்வதை அப்படியே சொல்கிறது. சினிமா நிழல் இல்லை, சடங்கு நிழல் இல்லை. வளர்ந்தோர் புனைவு, வளர்ந்தோர் நாவல். நான்கு முறை சொன்னால் வாயில் படிந்துவிடும்.

இந்தச் சொல்லை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதன் இணைச் சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. ‘அடலசென்ஸ்’ என்பதற்கு ‘வளரிளம் பருவம்’ என்று தமிழில் எழுதுகிறோம். ‘வளர்’ என்பதில் காலம் காட்டும் உறுப்பு மறைந்து நிற்கிறது. வினைத்தொகை. சௌராஸ்தாவில் கீழே விற்கிறார்களே, ஊறுகாய், அதுவும் இதே இலக்கணம்தான்: ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய். பதினாறு வயதுப் பிள்ளையும் அப்படித்தான். கொஞ்சம் வளர்ந்தாகிவிட்டது, வளர்ந்துகொண்டிருக்கிறது, இன்னும் வளரும். லத்தீன் நிகழ்காலத்தை மட்டும் சொன்ன இடத்தில் தமிழ் மூன்று காலத்தையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது. வகுப்பில் வினைத்தொகை நடத்தும்போது இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

‘யங் அடல்ட்’ என்பதற்கு ‘இளையோர்’ போதும். ‘இளம் வயது வந்தோர்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். மலாய்ப் புத்தகக் கடைகளில் ‘நோவெல் ரெமாஜா’ என்று போட்டிருப்பார்களே, அந்த இடத்தில் ‘இளையோர் நாவல்’ என்று வைத்துப் பாருங்கள், பொருந்தும். பழைய நூல்களைத் தேடினால் இன்னும் நுட்பமான பெயர்கள் கிடைக்கும். பெண்ணின் பருவங்களை ஏழாகப் பிரித்தவர்கள் 14 முதல் 19 வரை ‘மடந்தை’ என்றார்கள். ஆணுக்கு ‘விடலை’ என்ற பெயர் 30 வரை செல்லும். மலேசியாவில் இளைஞர் வயதின் உச்சவரம்பை 40இலிருந்து 30ஆகக் குறைத்து 2019இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தபோது எனக்கு இந்த விடலைக் கணக்குத்தான் நினைவுக்கு வந்தது. சங்க அகப்பாடல்களில் விடலை என்பவன் காதலியைக் கூட்டிக்கொண்டு பாலைச் சுரத்தைக் கடந்து போகிறவன். இன்று ‘விடலைப் பசங்க’ என்று திட்டுச்சொல் போல ஆக்கிவைத்திருக்கிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சரி, சொல் தெளிந்தது. புத்தகம்?

இளையோர் நாவலுக்கும் வளர்ந்தோர் நாவலுக்கும் நடுவில் மதில் எதுவும் இல்லை என்பதை அமெரிக்க நூலகர்கள் வெகுநாள் முன்பே கண்டுகொண்டார்கள். அங்கே 1998 முதல் ‘அலெக்ஸ் விருது’ என்று ஒன்று தருகிறார்கள். வளர்ந்தோருக்காக எழுதப்பட்ட நூல்களில் 12 முதல் 18 வயதுவரை உள்ளவர்களைக் கவரக்கூடிய பத்தை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறார்கள். பால்டிமோர் நூலகத்தில் இளையோருக்காகவே உழைத்த மார்கரெட் அலெக்சாண்டர் எட்வர்ட்ஸ் என்ற நூலகரின் நினைவாக வைத்த பெயர். நண்பர்கள் அவரை அலெக்ஸ் என்றுதான் கூப்பிடுவார்களாம்.

நம் வீடுகளில் விருது இல்லாமலே இது நடந்தது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வனை யாரும் இளையோர் நாவல் என்று சொல்லித் தரவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் வாசித்துப் போட்ட புத்தகத்தைப் பதின்மூன்று வயதில் எடுத்தோம். வீர நாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையை விட்டதும் கூடவே போனோம். நந்தினியின் மனம் அப்போது பாதிதான் புரிந்தது. மீதி முப்பது வயதில் திரும்ப வாசித்தபோது புரிந்தது. வளர்ந்தோர் நாவல் என்றால் எனக்கு இதுதான்: வயதோடு சேர்ந்து மறுபடி திறக்கிற கதை.

இதைக் கண்ணெதிரே காட்டுகிற ஒரு நூல்வரிசை இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் எழுதிய எர்த்சீ கதைகள். முதல் நூல் 1968இல் வந்தது. இளையோருக்காக எழுதித் தரும்படி ஒரு பதிப்பாளர் கேட்டு எழுதியது. 1971இல் வந்த இரண்டாவது நூலில் தெனார் என்ற சிறுமி நிலத்தடிக் கல்லறைகளில் பூசாரியாக வளர்க்கப்படுகிறாள். 1990இல் வந்த நான்காம் நூலில் அதே தெனார் நடுவயது விதவை. தீயில் சுடப்பட்ட ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். வளர்கிறவள் வளர்ந்தவளாகி இன்னொருத்தியை ஊட்டி வளர்க்கிறாள். வாசகரும் கூடவே நடக்கலாம். இளையோர் அலமாரியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்த வரிசைதான்.

ஊர் மண்ணோடு வேண்டுமென்றால் மலேசியர் ஜென் சோ 2021இல் எழுதிய ‘பிளாக் வாட்டர் சிஸ்டர்’. அமெரிக்காவில் வளர்ந்த பெண் ஒருத்தி பெற்றோரோடு பினாங்குக்குத் திரும்புகிறாள். செத்துப்போன பாட்டியின் குரல் அவள் தலைக்குள் பேசத் தொடங்குகிறது. பாட்டி ஒரு தெய்வத்துக்குச் சாமியாடியாக இருந்தவள். சாமி வந்து ஆடுவதைக் கண்டு வளர்ந்த நமக்கு அதை யாரும் விளக்கவேண்டியதில்லை. பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: வன்முறை உண்டு, வீட்டில் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு பெண்–பெண் காதலும் உண்டு. கதையின் எடை அதில்தான் இருக்கிறது. யாங்ஸி சூ 2019இல் எழுதிய ‘த நைட் டைகர்’ பேராக்கில் 1931இல் நடக்கிறது. இறந்துபோன எசமானின் துண்டான விரலைத் தேடி 49 நாளுக்குள் கல்லறையில் சேர்க்கவேண்டும். தேடுகிறவன் பதினொரு வயது வேலைக்காரப் பையன் ரென். புலியாக மாறும் மனிதர் பற்றிய பயம் கதை முழுக்க ஊர்கிறது.

‘அடல்ட்’டோடு கூட வரும் இரண்டு சொற்களையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘ஃபேண்டசி’ கிரேக்க ‘ஃபந்தாசியா’. கண்ணுக்குப் புலப்படச் செய்தல். தமிழில் மிகைப்புனைவு என்றும் மிகுபுனைவு என்றும் எழுதுகிறார்கள். ‘மிகை’ என்றதும் குற்றம் என்ற பொருளும் சேர்ந்து வருவதால் எனக்கு ‘மிகுபுனைவு’ பிடிக்கும். அதுவும் வினைத்தொகை. மணிமேகலைக்குத் தெய்வம் மூன்று மந்திரம் சொல்லித் தருகிறது: வேற்றுரு எடுக்க, வானில் செல்ல, பசியைப் போக்க. மிகுபுனைவு நமக்குப் புதிதில்லை. ‘அட்வென்ச்சர்’ என்றால் வரவிருப்பது, நேரவிருப்பது, தமிழில் சாகசம். வடமொழியில் துணிந்து செய்யும் முரட்டுச் செயலைக் குறித்த சொல் நம்மிடம் வந்து வீரமாகியது. ‘சாகசக்காரி’ என்ற பழிச்சொல்லிலும் அது ஒட்டிக்கொண்டது. கதையைச் சொல்லும்போது சாகசம் என்றே சொல்லலாம், யாருக்கும் தடுமாற்றம் இல்லை.

ஆகவே அந்தப் பெண் கேட்டிருக்கவேண்டியது இப்படி: “டீச்சர், இளையோர் நாவல் எல்லாம் முடிச்சாச்சு. வளர்ந்தோர் மிகுபுனைவு ஏதாச்சும் சொல்லுங்களேன்.”

அன்று மாடியில் நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டே இருந்த கடைக்கார அண்ணன் குனிந்து ஓர் அடுக்கின் நடுவிலிருந்து எர்த்சீ முதல் நூலை உருவி எடுத்தார். முனை மடங்கிய அட்டை, பழுப்பேறிய தாள். மகள் கை நீட்டுவதற்குள் அம்மா வாங்கிக்கொண்டார். நின்ற இடத்திலேயே முதல் பக்கத்தைத் திறந்தார். மகள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கம் ஆனதும் அம்மா நிமிர்ந்து, “இதுல அடுத்தது இருக்காண்ணே?” என்று கேட்டார்.