ஒரு சுற்றுக்கு 6 மணி 40 நிமிடம்

நியூட்ரான் விண்மீன்கள் எல்லாமே பம்பரம் மாதிரிதான் சுழலுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பெரும்பாலும் அப்படித்தான். பெரிய விண்மீனின் உள்ளகம் இருபது கிலோமீட்டர் சொச்சம் அகல உருண்டையாகச் சுருங்கும்போது சுழற்சி எகிறும். நண்டு நெபுலா என்ற வெடிப்பு மிச்சத்தின் நடுவில் இருப்பது நொடிக்கு 30 தடவை சுற்றுகிறது.

ஆனால் ஆர்சிடபிள்யூ 103 என்ற சூப்பர்நோவா எச்சத்தின் (பெரிய விண்மீன் வெடித்துச் சிதறிய மிச்சம்) நடுவில் இருக்கும் நியூட்ரான் விண்மீனுக்கு ஒரு சுற்றுக்கு 6 மணி 40 நிமிடம் ஆகிறது. வயதோ சுமார் 2,000 ஆண்டுதான். பக்கத்தில் இணை விண்மீன் எதுவும் தட்டுப்படவில்லை. சுழலும் காந்தப்புலம் கதிர்வீச்சாக ஆற்றலை இழப்பதால் வேகம் குறையும், சரி. ஆனால் வேகம் பாதியானால் அந்த இழுவை எட்டில் ஒரு பங்காகிவிடும். மெதுவாக ஆக ஆக பிரேக் பிடிக்காது.

அப்புறம் எது நிறுத்தியது? வெடித்துச் சிதறியதில் கொஞ்சம் திரும்பி விழுந்து, விண்மீனைச் சுற்றி வட்டாகச் சேர்ந்திருக்கலாம். எனக்குப் பிடித்த இடம் இதுதான். காந்தப்புலம் விண்மீனோடு சேர்ந்தே சுழலும். வட்டில் உள்ள பொருள் தன் சுற்றுப்பாதை வேகத்தில் போகும். இரண்டும் ஒத்துப்போகும் தூரம் ஒன்று உண்டு. நொடிக்கு ஒரு சுற்று என்றால் அது சுமார் 1,700 கிலோமீட்டர். வட்டின் உள்விளிம்பு அதற்கு உள்ளே வந்தால் பொருள் விண்மீனில் விழுந்து அதன் வேகத்தைக் கூட்டும். வலுவான புலம் விளிம்பை வெளியிலேயே தடுத்துவிட்டால் கதை வேறு: மெதுவாகப் போகும் பொருளைப் பின்னாலிருந்து வரும் புலம் வாரி வெளியே எறியும். எறிவதெல்லாம் விண்மீனின் கோண உந்தத்தில், அதாவது சுழற்சியின் உந்தத்தில், கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போகும். அதுவும் எவ்வளவு தூரத்திலிருந்து! கதவைக் கீல் பக்கம் தள்ளுவதும் கைப்பிடிப் பக்கம் தள்ளுவதும் ஒன்றா?

வேகம் குறையக் குறைய அந்த ஒத்துப்போகும் தூரமும் விரியும். சுற்றுக்கு 18 நிமிடம் ஆகும்போது ஏறத்தாழ 1,80,000 கிலோமீட்டர், நிலாவுக்குப் பாதி வழி. அது வட்டின் விளிம்பைத் தொட்டால் எறிதல் ஓயும். புலம் வலுவாகவும் வட்டு மெல்லியதாகவும் இருந்தால் மணிக்கணக்குக்கும் போகலாம். 2016-இல் இந்த விண்மீனே ஒரு மேக்னட்டார் (மிக வலுவான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்) போல எக்ஸ் கதிரில் வெடித்தது. புலம் வலுவானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

18, 22 நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்கும் ரேடியோ மூலங்களும் கிடைத்திருக்கின்றன. 22 நிமிடக்காரரின் துடிப்பு 1988-ஆம் ஆண்டுப் பதிவிலேயே இருந்தது. பழைய தரவைச் சேமிக்கக் காசு கேட்டால் முகம் சுளிப்பவர்கள் கவனிக்கவும். ஆனால் இந்த வகையில் சில, துணையோடு இருக்கும் வெள்ளைக் குறுவிண்மீன்கள் (இப்படி வெடிக்காமல் அடங்கிய சிறிய விண்மீன்களின் மிச்சம்) என்று தெரிந்துவிட்டதால், இவர்களும் நியூட்ரான் விண்மீன்கள்தானா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆர்சிடபிள்யூ 103-இல் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை: அது வெடித்த இடத்திலேயே கையும் களவுமாகச் சிக்கியது.