லைனில் புகுந்த காற்று: பழைய டீசல் எஞ்சின் ஏன் பிடிக்காது?

டேங்க் ஒருமுறை வறண்டுபோனால், பிறகு எவ்வளவு டீசல் ஊற்றினாலும் பழைய லொறி உடனே ஸ்டார்ட் ஆகாது. 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் கொழும்பு லொறிக்காரர்களுக்கு இது நன்றாகவே விளங்கியிருக்கும். செல்ஃப் அடித்து அடித்து பற்றரி இறங்கும்; எஞ்சின் பிடிக்காது. ‘பம்ப் போயிற்று’ என்று உடனே கழற்றக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் லைனில், அதாவது டீசல் வரும் குழாய்களில், காற்று நிற்கிறதா என்று பாருங்கள்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை 16, 17 மடங்கு நெருக்க, அது 500 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் நொசில் டீசலைப் பனிபோலத் தூவினால்தான் பற்றும். பழைய மெசி ஃபெர்கசன் டிரக்டரிலும் லேலண்ட் லொறியிலும் நொசில் ஊசி திறக்க ஏறத்தாழ 200 பார் அழுத்தம் வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைவிட 200 மடங்கு அது.

இத்தனை அழுத்தத்திலும் டீசல் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் சுருங்கும். காற்றோ இருநூறில் ஒரு பங்காக ஒடுங்கிவிடும். நொசிலுக்கு டீசலைத் தள்ளும் பெரிய பம்ப் ஒரு தள்ளலில் அனுப்புவது ஏறத்தாழ ஒரு துளி. அதே அளவில் ஒரு குமிழ் இடையில் நின்றால், அதை ஒடுக்குவதிலேயே தள்ளல் முழுவதும் தீர்ந்துவிடும். ஊசி அசையாது.

எயார் எடுப்பது சுலபம். ஃபில்டர் தலையிலுள்ள சிறிய திருகாணியைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் சிறிய கைப்பம்பை அடிக்க வேண்டும். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் இறுக்கிவிட்டு, அப்புறம் பெரிய பம்பின் திருகாணி, கடைசியாக நொசில் பக்கத்து நட்டுகள். கைப்பம்பின் நெம்பு வெறுமனே ஆடினால் பழுதென்று நினைக்க வேண்டாம். உள்ளே கேம், அதாவது எஞ்சினோடு சுழலும் மேடு, அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். எஞ்சினை ஒரு சுற்று சுற்றினால் சரி. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: நொசில் பக்கத்தில் பீறிடும் டீசலுக்கு விரலைக் காட்டாதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே போகும். பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காற்று எடுத்த வண்டி மறுநாளும் பிடிக்கவில்லையா? உண்மையான தேடல் இங்கேதான் தொடங்குகிறது. டேங்குக்கும் கைப்பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது. எஞ்சின் ஓடும்போது அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. வெடித்த ஸ்ட்ரோவால் இளநீர் குடித்தால் வெளியே சொட்டாது, வாய்க்குக் காற்றுத்தான் வரும். இதுவும் அப்படியே. ஈரம் தேடினால் ஓட்டை அகப்படாது. அந்த இடத்தில் கொஞ்ச நேரத்துக்குக் கண்ணாடிபோன்ற ஹோஸ் ஒன்றைப் பொருத்தி ஓடவிட்டால் குமிழ்கள் கண்ணுக்கே தெரியும்.

பலமுறை குற்றவாளி, குழாய் இணைப்புகளில் கசிவை அடைக்கும் செம்பு வளையம், அதாவது வாசர்தான். ஒருமுறை இறுக்கினால் செம்பின் படிகங்கள் நசுங்கி உலோகம் கடினமாகிவிடும். அடுத்த தடவை அது மேற்பரப்போடு ஒட்டிப் படியாது. சிவக்கச் சூடாக்கினால் படிகங்கள் புதிதாக வளர்ந்து மறுபடி மென்மையாகும். பிறகு தண்ணீரில் போட்டாலும் பரவாயில்லை. உருக்கைப்போல இது இறுகாது. எனக்கு இதைவிட அழகான பழுதுபார்ப்பு தெரியாது. தேய்ந்து மெலிந்த வாசரென்றால் சூடாக்கிப் பயனில்லை. கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அதே அளவில் புதியது வாங்கிப் போடுங்கள்.