சாஷ்: கச்சையா, சட்டமா, கதவா?

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் அக்கா வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்குச் சாவி கிடைத்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். 14-ஆவது மாடி. வரவேற்பறைச் சன்னல் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர், நான்கு மொழிகளில். வழக்கம்போல் தமிழ் கடைசியில். இருந்ததே பெரிது என்று குனிந்து படித்தேன்: “எளிதில் கழலும் சன்னல். சுத்தம் செய்ய, கச்சையைச் சற்றே தூக்கி உட்புறமாகக் கழற்றவும்.”

அக்கா இரண்டு தரம் படித்துவிட்டு, “யாரு கச்சையடா?” என்றாள். மாமா பால்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆங்கில வரியில் இருந்த சொல் ‘சாஷ்’. எந்த அகராதியைத் திறந்தார்களோ, எந்த இயந்திரத்திடம் கேட்டார்களோ, அது கச்சையாகிவிட்டது. முழுக்கவும் அவர்கள் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு ‘சாஷ்’ உண்டு; இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. அழகிப் போட்டியில் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே போடுகிறார்களே, அந்தத் துணிப்பட்டை ஒரு சாஷ். அது அரபு மொழியின் ‘ஷாஷ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. மெல்லிய மஸ்லின் துணி, தலைப்பாகைத் துணி என்று பொருள். சன்னல் சாஷின் ஊர் வேறு. பிரெஞ்சில் சட்டத்துக்கு ‘ஷாஸி’ என்பார்கள். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைக் கடன் வாங்கிய ஆங்கிலேயர்கள், சொல்லின் கடைசியில் ‘ஸ்’ ஒலி இருப்பதாக எண்ணி அதைப் பன்மை என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியானால் ஒருமை? வாலை வெட்டிவிட்டு ‘சாஷ்’ என்றார்கள். தவறாகப் பிரித்த சொல், அப்படியே நிலைத்துவிட்டது.

அதே பிரெஞ்சுச் சொல் பிறகு இன்னொரு முறை, வாகனத்தோடு, வால் வெட்டப்படாமல் வந்து சேர்ந்தது. கார் வாங்கும்போதும் விற்கும்போதும் பதிவுத் தாளில் பார்க்கிறோமே, சேசிஸ் நம்பர், அந்த சேசிஸ்தான் இது. லாரியின் அடிச்சட்டமும் அக்காவின் வீட்டுச் சன்னலும் ஒருவகையில் பங்காளிகள். இரண்டுக்கும் பாட்டனைத் தேடிப்போனால் லத்தீனில் ‘காப்சா’, பெட்டி என்று பொருள்.

சரி, கச்சை இல்லை. அப்புறம் என்ன? கலைச்சொல் பட்டியல்களில் தேடினால் ‘சட்டம்’ அல்லது ‘சட்டகம்’ கிடைக்கும். பிரெஞ்சு மூலத்துக்கு இது சரியான மொழிபெயர்ப்பு, சன்னலுக்குத்தான் சரியில்லை. சுவரோடு சேர்த்துப் பதித்த வெளிச்சட்டமும் சட்டம்தான், கண்ணாடியைச் சுற்றி இருக்கும், நகரும் பகுதியும் சட்டம்தான். “சட்டத்தைத் தூக்கிக் கழற்றவும்” என்று எழுதினால் படிப்பவர் எதைப் பிடித்துத் தூக்குவார்? கழற்றக் கூடாததைப் பிடித்து ஆட்டினால் சிலிக்கோன் பசை பெயர்ந்து, அடுத்த மழைக்கு அறைக்குள் தண்ணீர் வரும்.

தமிழ்த் தச்சர்களிடம் இந்தக் குழப்பமே இல்லை. சுவரில் நிற்பது ‘நிலை’. நிலைக்கால், நிலைப்படி எல்லாம் அதிலிருந்து வந்தவை. நிலைக்குள் அசைவது ‘கதவு’. ஆங்கிலத்தின் ‘டோர்’ நுழையும் இடத்தையும் குறிக்கும், மூடும் பலகையையும் குறிக்கும். தமிழில் இடம் வாசல், பலகை கதவு. அதனால்தான் ஒரே வாசலுக்கு இரட்டைக் கதவு போடுகிறோம். சன்னலிலும் அதே கணக்கு: திறப்பு சன்னல், அதை மூடித் திறப்பது சன்னல் கதவு. மலாயிலும் இந்தத் தெளிவு உண்டு. கதவுப் பலகைக்கு ‘டாவுன் பிந்து’, சன்னல் பலகைக்கு ‘டாவுன் திங்காப்’. டாவுன் என்றால் இலை. அவர்கள் இலை என்று ஒரு சொல்லைக் கூட்ட வேண்டியிருக்கிறது, நமக்கு அதுகூடத் தேவையில்லை. ஆக, சாஷ் என்பது சன்னல் கதவு. புதிதாக எதையும் ஆக்க வேண்டாம். என் பாட்டி ஜெலுத்தோங் வீட்டில் தினமும் சொன்ன சொல்தான்: “மழை வருது, சன்னக்கதவ சாத்து.”

சன்னலே தமிழில்லையே என்று ஒருவர் கேட்பார். ஆமாம், போர்த்துக்கீசிய ‘ஜனேலா’. மலாயின் ‘ஜெண்டேலா’வும் அதே ஜனேலாதான். மேசை–மேஜா, அலமாரி–அல்மாரி போல, ஒரே கப்பலில் வந்து இரண்டு கரைகளில் இறங்கிய சொற்கள். லத்தீனில் வாசலுக்கு ‘யானுவா’. அதன் சிறுவடிவம்தான் ஜனேலா ஆனது. சின்ன வாசல்! அதற்கு ஒரு கதவு இருப்பதில் வியப்பில்லை.

பழந்தமிழில் சன்னலுக்குப் பெயர் குறையே இல்லை. சிலப்பதிகாரத்தில் ‘காலதர்’ இருக்கிறது: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. புகாரின் மாளிகைகளில் மானின் கண்போல் அமைந்த காலதர்கள் இருந்தன. ‘கோலச் சாளரக் குறுங்கண்’ வழியாகத் தென்றல் நுழைவதும் அதே காப்பியத்தில்தான். பலகணி என்ற சொல்லிலேயே பல கண்கள் இருக்கின்றன. கவனித்தால், இவை எல்லாம் ஓட்டையின் பெயர்கள். அசையும் பகுதியைப் பற்றிப் பேச்சில்லை.

நெடுநல்வாடையில் மட்டும் அது அகப்படுகிறது. வேனிலில் தென்றலைக் கொண்டுவரும் சாளரம் கூதிர்காலத்தில் அடைந்து கிடக்கிறது. அதைச் சொல்லும் அடியில் ‘திண் ணிலைப் போர்வாய்க் கதவம்’ என்று வருகிறது. நிலையும் கதவும் பக்கத்துப் பக்கத்தில். போர்வாய் என்றால் இரண்டு கதவுகளின் விளிம்பும் ஒன்றோடொன்று முட்டிப் பொருந்தும் வாய். அலுமினிய நகரும் சன்னலை மூடியதும் இரண்டு கதவுகளும் நடுவில் ஒன்றை ஒன்று கொக்கி போலக் கவ்விக்கொள்கின்றன இல்லையா? அந்த விளிம்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

நகரும் வகைக்கு ‘நகர்கதவு’ போதும். ஊறுகாய் போல வினைத்தொகை. ‘சறுக்குக் கதவு’ என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கென்னவோ அதில் விளையாட்டுத் திடல்தான் தெரிகிறது.

இனி ஸ்டிக்கரின் இரண்டாவது பிழைக்கு வருகிறேன். கச்சை சிரிக்க வைத்தது. ‘எளிதில் கழலும்’ என்பதுதான் உண்மையில் பயமுறுத்தியது. தமிழில் கழல், கழற்று இரண்டும் வேறு. சுழல்–சுழற்று, அகல்–அகற்று போல முதலாவது தானாக நடப்பது, இரண்டாவது நாம் செய்வது. 14-ஆவது மாடியில் தானாகக் கழலும் சன்னலை யார் வாங்குவார்கள்? சிங்கப்பூரில் சன்னல்கள் கழன்று விழுந்ததால்தான் 2004-இல் சட்டமே வந்தது (இது வேறு சட்டம்). கீல் போட்டு வெளிப்பக்கம் திறக்கும் சன்னல்களில் அலுமினிய ரிவெட்டுகளை எடுத்துவிட்டு எவர்சில்வர் ரிவெட்டு அடிக்க வேண்டும். நகர்கதவுகளுக்கு, தடம் தாண்டி ஓடாமல் நிறுத்தும் தடுப்பு வேண்டும்.

கழற்ற வேண்டும், ஆனால் கழலக் கூடாது. சுத்தம் செய்வதற்காக எடுக்கக்கூடிய நகர்கதவை வடிவமைப்பவரின் வேலை மொத்தமும் இந்தப் பிறவினைக்கும் தன்வினைக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

எப்படி என்று எண்ணோடு பார்த்தால் புரியும். நிலையின் அடியில் ஒரு தண்டவாளம், 10 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கதவின் அடியில் உள்ள உருளிகள் அதன்மேல் ஓடும். நிலையின் மேல்பக்கத்தில் ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், 30 மில்லிமீட்டர் ஆழம். கதவின் தலை அதற்குள் 15 மில்லிமீட்டர் நுழைந்திருக்கும். மேலே இன்னும் 15 வெற்றிடம். கதவை 12 மில்லிமீட்டர் தூக்கினால் அடிப்பக்கம் தண்டவாளத்தைத் தாண்டிவிடும். அடியை உள்ளே இழுத்துச் சாய்த்து, தலையைக் காடியிலிருந்து இறக்கினால் கதவு கையில். தூக்காதவரை தலை 15 மில்லிமீட்டர் பிடிப்பில் இருப்பதால் காற்றடித்தாலும் பிதுங்காது. மேலே வெற்றிடம் தண்டவாள உயரத்தைவிடக் கொஞ்சமாவது கூடுதலாக இருக்க வேண்டும். தலையின் பிடிப்பு குறையவும் கூடாது. காடியை ஆழமாக்கினால்தான் இரண்டும் நடக்கும். மலிவான சன்னலில் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் அந்த ஆழத்தில்தான்.

ஆனால் நீங்கள் தூக்கக்கூடியதை வெளியே நிற்கும் திருடனும் தூக்கலாம். 14-ஆவது மாடிக்கு இது கவலையில்லை, தரைவீட்டுக்குப் பெரிய கவலை. அதற்காகக் காடிக்குள், மூடிய கதவின் தலைக்கு மேல் வெற்றிடத்தை அடைக்கும்படி ஒரு சிறு கட்டையைத் திருகி வைப்பார்கள். கதவு மூடியிருந்தால் எழும்பாது. பாதி திறந்து, கட்டை இல்லாத இடத்துக்குக் கொண்டுவந்தால்தான் எழும்பும். அந்த இடத்துக்கு வந்தால் போர்வாயும் தானாக விலகியிருக்கும்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் இதைச் செய்துபார்த்தோம். முதல் முட்டுக்கட்டை சன்னலில் இல்லை, கிரில்லில். உள்பக்கம் கிரில் அடித்திருந்தார்கள். கதவை எந்தப் பக்கம் சாய்ப்பது? நல்லவேளை, அதில் ஒரு மடல் கீல் போட்டுத் திறக்கும்படி இருந்தது. கழற்றும் சன்னல் வாங்குபவர்கள் கிரில்காரரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடுத்து, கதவு எழும்பவே இல்லை. உரசுகிறது என்று மாமா ஒரு நாள் உருளியின் திருகைத் திருகிக் கதவை உயர்த்தியிருக்கிறார். மேலே வெற்றிடம் போய்விட்டது. ஓரத்தில் உள்ள துளை வழியாகத் திருகை எதிர்ப்பக்கம் சுற்றியதும் கதவு இறங்கி, பிறகு எழும்பியது.

கனம் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ எடை. 60 செ.மீ. அகலம், 120 செ.மீ. உயரம், 5 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் 9 கிலோ. அலுமினியத்தையும் சேர்த்தால் 10 கிலோ அரிசி மூட்டையைத் தாண்டும். 90-க்கு 150, 6 மில்லிமீட்டர் என்றால் கண்ணாடி மட்டுமே 20 கிலோ. எவ்வளவு நுணுக்கமாக வடிவமைத்தாலும் அம்மாவால் அதைத் தூக்க முடியாது. அகலமான இரண்டு கதவுக்குப் பதில் ஒடுக்கமான மூன்று கதவு போட்டிருக்கலாம்; காட்சி கொஞ்சம் கெடும், முதுகு தப்பும்.

உள்கதவை எடுத்த பிறகுதான் தடத்தில் கிடந்தது தெரிந்தது: ஈசல் இறகுகள், சாம்பிராணிக் கரி, பழுப்பாக உறைந்த தூசு. தடத்தின் ஓரத்தில் மழைநீர் வெளியேற வடிகண்கள் இருக்கும். மூன்றில் இரண்டு அடைபட்டிருந்தன. சன்னல் வழியாக மழை உள்ளே வருகிறது என்று அக்கா புலம்பியது இதனால்தான். பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் தண்ணீர் இறங்கியது. கண்ணாடியை வெளியே சாய்ந்து துடைக்க முடியாது என்பதற்காகத்தான் எல்லாரும் கழற்றும் கதவைக் கேட்கிறார்கள். பிழைப்பது என்னவோ இந்தத் தடம்தான்.

இதெல்லாம் புதிதென்று சொல்ல முடியாது. பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் நாக்கோ சன்னல் இருந்ததே, அடுக்கடுக்காகக் கண்ணாடிப் பட்டைகள் வைத்தது. பிடியை லேசாக விரித்து ஒவ்வொரு பட்டையாக உருவி, குழாயடியில் கழுவி, மறுபடி செருகுவோம். 2015, 2019 புகைமூட்டங்களின்போது அதே இடுக்கு வழியாகப் புகையும் வந்தது, அது வேறு கதை.

அன்று மாலை ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு அட்டையில் எழுதினேன்: “நகர்கதவுச் சன்னல். கதவைப் பாதி திறந்து, போர்வாய் விலகியதும், இருவராகப் பிடித்து மேலே தூக்கி, அடிப்பக்கத்தை உள்ளே இழுத்துக் கழற்றவும். உள்கதவு முதலில், வெளிக்கதவு பிறகு.” அக்கா படித்தாள். நெடுநல்வாடையிலிருந்து தொடங்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் பேனாவை வாங்கி, ‘போர்வாய் விலகியதும்’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘நடுக்கொக்கி விட்டதும்’ என்று எழுதி ஒட்டிவிட்டாள்.