61-க்கு 39 என்றால் சமம்: அமெரிக்க முதனிலைத் தேர்தலின் கணக்கு

ஒரு தொகுதியில் ஒருவர் 61 சதவீத வாக்கு பெறுகிறார், எதிராளி 39. எந்த ஊர்க் கணக்கிலும் இது தெளிவான வெற்றி. அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில், அந்தத் தொகுதிக்கு 4 பிரதிநிதிகள் என்றால், ஆளுக்கு 2தான்.

முதனிலைத் தேர்தலில் போடும் வாக்கு, கட்சி மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளைப் பங்கிடுவதற்கானது. அதிபர் வேட்பாளரை முறைப்படி அறிவிப்பது அந்தப் பிரதிநிதிகள்தான். 2020இல் ஜனநாயகக் கட்சியில் முதனிலை முடிவுப்படி ஒரு வேட்பாளருக்கு முன்கூட்டியே கட்டுப்பட்ட பிரதிநிதிகள் 3,979 பேர். வேட்பாளராக 1,991 பேர் வேண்டும்.

பங்கீடு எப்படி? முதலில் 15 சதவீதத்துக்குக் கீழே வாங்கியவர்கள் கழிக்கப்படுவார்கள். 40, 30, 14, 14 என்று நால்வர் வாங்கினால், பின்னவர் இருவருக்கும் ஒன்றுமில்லை. 10 இடங்களை முதல் இருவர் 6, 4 என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த வடிகட்டல் மாநில அளவில் ஒருமுறை, ஒவ்வொரு தொகுதியிலும் தனித்தனியாக ஒருமுறை நடக்கும். பிறகு வருவது முழு எண்ணாக்கல். 4-இல் 61 சதவீதம் 2.44, அது 2 ஆகிவிடும். மூன்றாவது இடத்துக்கு 62.5 சதவீதம் தாண்ட வேண்டும். 5 இடமுள்ள தொகுதியிலோ 51 சதவீதமே 3 இடம் தந்துவிடும். ஆகவே ஒற்றைப்படைத் தொகுதியில் செலவழிக்கும் பணத்துக்குப் பலன் அதிகம்.

2008இல் ஒபாமா அணி இதை நன்றாகப் புரிந்துகொண்டது. நியூ ஜெர்சியில் ஹிலரி கிளிண்டன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்று 59–48 என்று பெற்றார்; லாபம் 11. அதே நாளில் ஐடஹோவில் கட்சி நடத்திய காகஸ் கூட்டங்களுக்கு வந்தவர்கள் சுமார் 21,000 பேர்தான். அங்கே ஏறக்குறைய 80 சதவீதம் வாங்கிய ஒபாமாவுக்கு 15–3, லாபம் 12. நேரில் கூடிப் பேசும் காகஸுக்கு வருவோர் குறைவு என்பதால், நன்றாக ஆள் திரட்டும் அணிக்கு அது வரம். முதனிலைத் தேர்தலில் வழக்கமான வாக்குச்சாவடி உண்டு. ஆனால் பல மாநிலங்களில் அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். பதிவுக் கெடுவைத் தவறவிட்டவர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

குடியரசுக் கட்சியில் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2016இல் தென் கரோலினாவில் டிரம்ப் பெற்றது சுமார் 32.5 சதவீதம். மீதி வாக்குகள் பல போட்டியாளர்களிடையே சிதற, 50 பிரதிநிதிகளும் அவருக்கே போனார்கள்.

நவம்பரில் நடக்கும் அதிபர் தேர்தலில் அளவு மாறுகிறது, தர்க்கம் அப்படியே. அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்குமாக உள்ள 538 தேர்வாளர்கள். 270 பெற்றவர் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா இடங்களிலும், ஒரு வாக்கு முந்தினாலும் மொத்தத் தேர்வாளர்களும் முந்தியவருக்கே. 2020இல் நாடு முழுவதும் பைடன் சுமார் 70 லட்சம் வாக்கு முன்னிலை. அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் அவரது முன்னிலையைக் கூட்டினால் 43,000கூட இல்லை. அவை மாறியிருந்தால் 269–269.

இரண்டே கட்சிகள் நிலைப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். மூன்றாமவர் ஒரு மாநிலத்தில் 10 சதவீதம் வாங்கினாலும் கையில் வருவது சுழியம். ஆனால் யாருடைய வெற்றியையாவது கெடுத்துவிடலாம். 2000இல் ஃப்ளோரிடாவில் புஷ் 537 வாக்கில் முந்தினார். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் அங்கே 97,000க்கும் மேல் வாங்கியிருந்தார். அதனால் புதிய கருத்துகளோடு வருகிறவர்கள் தனிக்கட்சி தொடங்குவதைவிட, இரண்டில் ஒன்றின் முதனிலைத் தேர்தலில் மோதிப் பார்ப்பதே மேல் என்று அதற்குள் நுழைகிறார்கள். வெர்மான்ட்டில் சுயேச்சை செனட்டரான பெர்னி சாண்டர்ஸ் 2016இலும் 2020இலும் அப்படித்தான் ஜனநாயகக் கட்சிக்குள் போட்டியிட்டார்.

யாருக்கும் 270 கிடைக்காவிட்டால் 1804இல் வந்த 12ஆம் அரசியலமைப்புத் திருத்தம்தான் வழி: நாடாளுமன்றத்தின் கீழவை தேர்ந்தெடுக்கும், மாநிலத்துக்கு ஒரு வாக்கு. அப்போது ஏறக்குறைய 4 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் 6 லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் ஒரே எடை. 26 மாநிலங்களைச் சேர்த்தவர் அதிபர்.