பின்சக்கரம் ஏன் குறுக்கு வழியில் போகிறது?

பல ஆண்டுகள் கார் ஓட்டிப் பழகியவர், வீடு மாற்றுவதற்காகப் பெரிய மூடிய லாரி ஒன்றை வாடகைக்கு எடுக்கிறார். கியரும் பிரேக்கும் அதேதானே, உருவம் மட்டும்தானே பெரிது என்று நினைக்கிறார். நேர்ச்சாலையில் அது ஏறக்குறையச் சரி. முதல் முனையில் திரும்பும்போதுதான் குட்டு வெளிப்படும். முன்சக்கரம் பத்திரமாகக் கடந்த இடத்தில் பின்சக்கரம் நடைபாதைமேல் ஏறி இறங்கும். பாதையில் கம்பம் நின்றால் அதுவும் சாயும்.

சாவி வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை முதலில் முடித்துவிடலாம். அந்த எடையுள்ள வண்டியை ஓட்ட உங்கள் உரிமம் செல்லுமா, டேங்கில் ஊற்ற வேண்டியது டீசலா பெட்ரோலா, கூரை இடித்தால் காப்பீடு பொறுப்பேற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல ஒப்பந்தங்களில் கூரைச் சேதம் கணக்கில் வராது. வண்டியின் உயரத்தை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். காருக்கான வழிகாட்டிச் செயலிக்குத் தாழ்வான பாலம் ஒரு பொருட்டே அல்ல. இன்னொன்று, சரக்கை இறக்கியதும் ஸ்பிரிங் நிமிர்ந்து வண்டி சில செ.மீ. உயரும். போகும்போது நுழைந்த பாலம் திரும்பும்போது இடிக்கலாம்.

கனமான சாமான்கள் கேபினை ஒட்டி, தரையோடு இருக்கட்டும். சக்கரங்களின் குறுக்கு இடைவெளி 2 மீட்டர், சுமையோடு சேர்ந்த ஈர்ப்பு மையம் 2 மீட்டர் உயரத்தில் என்றால், 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 56 கி.மீ. வேகத்திலேயே வண்டி கவிழும் நிலைக்கு வந்துவிடும். அதுவும் காகிதக் கணக்குதான். ஸ்பிரிங்கும் டயரும் ஒரு பக்கம் அமுங்குவதால் நிஜத்தில் அதற்கு முன்பே கவிழும்.

பிரேக்கையும் இப்படித்தான் கணக்காகப் பார்க்க வேண்டும். 10 டன் வண்டி 300 மீட்டர் உயர மலையிறக்கத்தில் இழக்கும் ஆற்றல் சுமார் 29 மெகாஜூல். எஞ்சின் அதில் பங்கு வாங்காவிட்டால் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிச் சேரும். பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. அதனால் இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி வழியில் யோசிக்கக் கூடாது.

இனி பின்சக்கரத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

பின்சக்கரம் திரும்பாது, வண்டியின் உடல் பார்க்கும் திசையில்தான் உருளும். அதனால் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்த மையம் பின் அச்சை நீட்டிய கோட்டின்மேல்தான் இருக்கும். மையம், பின் அச்சின் நடு, முன் அச்சின் நடு என மூன்று புள்ளிகள். பின் அச்சில் செங்கோணம். முன் அச்சு 10 மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது, இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 6 மீட்டர் என்றால், பள்ளியில் படித்த பித்தாகரஸே விடை சொல்லிவிடுவார்: பின் அச்சின் ஆரம் 8 மீட்டர். முழுதாக 2 மீட்டர் உள்ளே! இடைத்தூரம் 2.5 மீட்டர் உள்ள காரில் இதே வித்தியாசம் 30 செ.மீ. சொச்சம்தான். இடைத்தூரம் இரட்டித்தால் உள்வாங்குவது ஏறக்குறைய நான்கு மடங்காகும். பாடப்புத்தகங்கள் ஏன் இன்னும் சுவரில் ஏணியையே சாத்திக்கொண்டிருக்கின்றன என்று தெரியவில்லை. இந்த லாரியை வரைந்தால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். அடிக்கடி கம்பம் சாயும் முனையை 'ராசியில்லாத இடம்' என்பவர்களும் இந்த முக்கோணத்தை ஒருமுறை வரைந்து பார்க்கலாம்.

இதைவிட அழகானது திரும்பி முடித்தபின் நடப்பது. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கிளோட் பெரோ என்ற மருத்துவர் (கட்டடக்கலைஞரும்கூட) தன் பைக்கடிகாரத்தை மேசைமேல் வைத்துச் சங்கிலியின் நுனியை நேர்கோட்டில் இழுத்தார். கடிகாரம் எந்தக் கோட்டில் பின்தொடரும் என்பது அவர் கேள்வி. லைப்னிட்ஸ், ஹைகன்ஸ் போன்ற கணித மேதைகளே மூளையைக் கசக்கிய கணக்கு அது. உங்கள் பின் அச்சுதான் அந்தக் கடிகாரம். அது முன் அச்சின் கோட்டை எட்டிப் பிடிப்பதே இல்லை, நெருங்கிக்கொண்டேதான் இருக்கும். மேலே சொன்ன லாரி அதே வட்டத்தில் நன்றாகத் திரும்பியபின் முன் அச்சு புதிய சாலைக்கு நேராகிறது என்று வைப்போம். அந்தக் கணத்தில் பின் அச்சு அந்தக் கோட்டுக்கு 3.6 மீட்டர் உள்பக்கம் நிற்கும். 6 மீட்டர் ஓடியபின் சுமார் ஒன்றரை மீட்டர், 12 மீட்டர் ஓடியபின் அரை மீட்டர், 18-ல் 20 செ.மீ. கேபினில் இருப்பவருக்குத் திருப்பம் எப்போதோ முடிந்துவிட்டது. பின்சக்கரம் அங்கே ஓரத்தில் நிற்கும் காரின் கதவை நோக்கி வந்துகொண்டிருக்கும்.

ஆகவே முனை வந்ததும் ஒடிக்காதீர்கள். நேராகச் சற்று உள்ளே போய், பின்சக்கரம் முனையை நெருங்கும் சமயத்தில் ஒடியுங்கள். கண், திரும்பும் பக்கத்து வெளி மிரரில் பின்சக்கரத்தின்மேல் இருக்கட்டும். திரும்புமுன் எதிர்ப்பக்கம் அகலமாக ஒதுங்கி இடம் எடுப்பது தவறான பழக்கம். நீங்கள் விட்ட அந்த இடைவெளியில் ஒரு இருசக்கர வண்டி வந்து நுழையும்.

வெளிப்பக்கத்திலும் ஆபத்து உண்டு. பின் அச்சுக்குப் பின்னால் உடல் 3 மீட்டர் நீண்டிருந்தால், திரும்பத் தொடங்கும்போது அந்த வால் எதிர்ப்பக்கம் வீசும். நம் லாரியின் அகலம் 2.5 மீட்டர் என்று வைத்து, முன் அச்சு 7.5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போகும்படி ஒடித்தால் வால் முக்கால் மீட்டர் வரை வெளியே வரும். சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தால் முதலில் சில மீட்டர் நேராக எடுத்து, பிறகு மெல்லத் திருப்புங்கள்.

ரிவர்ஸில் இந்தப் படம் தலைகீழாக ஓடும். பின்சக்கரம் முந்திப் போக, முன்பக்கம் அகலமாக வீசும். எல்லோரும் பின்னால் பார்த்துக்கொண்டே பக்கத்து வண்டியில் முன் பம்பரைத் தேய்ப்பது இதனால்தான். ஒருவரைப் பின்னால் நிறுத்துங்கள். அவர் மிரரில் தெரியும்வரை மட்டும் நகருங்கள். அவர் மறைந்தால் உடனே நிறுத்தி, இறங்கிப் போய்ப் பாருங்கள்.