'நம்ம ஊர்ப் பையன்தான்' என்பது சரிபார்ப்பு ஆகாது

தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் பள்ளிகளுக்கும் குழந்தைகள் காப்பகங்களுக்கும் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கச் செல்லும்போது, நான் முதலில் கேட்டு வாங்கிப் பார்ப்பது பணியாளர் கோப்பைத்தான். பல கோப்புகளில் ஒரு புகைப்படமும் ஆதார் நகலும் மட்டுமே இருக்கின்றன. ஆதார் ஒருவர் யார் என்பதைச் சொல்லுமே தவிர, இதுவரை எங்கே எப்படி இருந்தார் என்பதைச் சொல்லாது. "நம்ம ஊர்ப் பையன்தாங்க, அவங்க அப்பாவையே எனக்குத் தெரியும்" என்றார் மன்னார்குடிப் பக்கத்துக் காப்பகப் பொறுப்பாளர் ஒருவர். ஆனால் அந்த இளைஞர் நான்கு ஆண்டுகள் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே என்ன வேலை பார்த்தார், ஏன் விட்டு வந்தார் என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள், குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம் போன்ற நிறுவனங்கள் தம் பணியாளர் ஒவ்வொருவரையும் காவல்துறை மூலம் குறிப்பிட்ட கால இடைவெளியில் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. ஆசிரியர் மட்டுமல்லர், ஒப்பந்தப் பணியாளரும் இதில் அடங்குவர். குறுவை நடவு நாட்களில் தாய்மார்கள் விடியலிலேயே வயலுக்குப் போய்விடுவதால் அவசரமாக அமர்த்தப்படும் தற்காலிக ஆயாவுக்கும் விலக்கு இல்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே இதற்கு விண்ணப்பிக்கலாம். அறிக்கை வரும்வரை புதியவரைக் குழந்தைகளோடு தனியே விடக் கூடாது.

ஆயினும் காவல்துறை அறிக்கையில் வழக்காகப் பதிவானதுதான் தெரியும். நம் பகுதியில் குழந்தைகளிடம் பாலியல் அத்துமீறல் பற்றிய புகார்கள், பெண் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்ற அச்சத்தில், தாளாளர் அறையிலேயோ ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலேயோ பேசி முடிக்கப்பட்டுவிடுகின்றன. சம்பந்தப்பட்டவர் நன்னடத்தைச் சான்றிதழோடு அடுத்த ஊருக்குப் போகிறார். குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் விடுவது போக்சோ சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது, நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை என்பதைப் பயிற்சியில் சொல்லும்போது, பல முகங்கள் வெளிறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, முன்பு வேலை பார்த்த இடத்துக்கு நேரடியாகத் தொலைபேசியில் பேசுவதையே நான் பெரிதும் நம்புகிறேன். விண்ணப்பதாரர் கொடுக்கும் எண்ணில் அல்லாமல், அந்த நிறுவனத்தின் எண்ணை நாமே தேடி எடுத்துப் பேச வேண்டும். கும்பகோணம் அருகே ஒரு பள்ளி, வேன் ஓட்டுநர் ஒருவரை எடுக்கவிருந்தபோது, தலைமையாசிரியர் அறையில் இருந்தபடி அவருடைய பழைய பள்ளிக்கு நான் பேசினேன். எப்போது முதல் எப்போது வரை இருந்தார், ஏன் நின்றார் என்ற கேள்விகளுக்குத் தயக்கமின்றிப் பதில் வந்தது. "மறுபடியும் அவரை வேலைக்கு எடுப்பீர்களா?" என்றபோது மட்டும் மறுமுனை அமைதியானது, பிறகு, "அதை மட்டும் கேக்காதீங்க மேடம்" என்று குரல் தாழ்ந்தது. தலைமையாசிரியர் அந்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து அந்தப் பள்ளியின் கோப்புகளில், யாரிடம், எந்தத் தேதியில், என்ன கேட்டோம் என்று கையெழுத்திட்ட ஒரு தாள், ஆதார் நகலுக்கு முன்பாக இருக்கிறது.